செந்நிறம்: மண்ணிலும் மலரிலும் ஓவியத்திலும்

இயற்கையிலும் கலையிலும் நிறம் வகிக்கும் இடத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க்குழுவினர் பணித்தபொழுது, அப்பொருளின் பரப்பை எண்ணி முதலில் மலைத்தேன். நிறங்கள் யாவற்றையும் பற்றி எழுதப் புகின் இம்மலரின் பக்கங்கள் போதா. ஆகவே ஒரு நிறத்தை மாத்திரம் தேர்ந்துகொண்டேன். அது செந்நிறம். அதனைத் தேர்ந்ததற்கு ஆராய்ச்சி காரணமன்று. என் வேட்டியே காரணம். கல்லூரியிற் படித்த நாட்களிற் கோப்பாய்ப் பக்கத்துத் தோட்டங்களினூடாகக் குறுக்கு வழியில் நடந்து வருவது என் வழக்கம். மாரி காலத்தில் வெள்ளை வேட்டியின் கீழ்விளிம்பு முழுவதும் செம்பாட்டு மண்ணாற் சிவந்திருக்கும். எத்தனை முறை தோய்த்தாலும் அக்கறை முற்றாகப் போவதில்லை. தெருவால் வந்தேன் என்று நான் சொல்லும் பொய்யை அவ்விளிம்பைப் பார்த்தே அன்னையார் கண்டுபிடித்துவிடுவார். கழுவினாலும் நீங்காத அந்நிறம் யாது என்னும் வினா அன்றே என்னுள் எழுந்தது. பிற்காலத்தில் இரசாயனம் கற்று, அதனையே கற்பிக்கும் தொழிலில் அமர்ந்ததற்கும் அவ்வினா ஓரளவு காரணமென்று இப்பொழுது நினைக்கின்றேன்.

செம்பாட்டு மண்ணின் நிறம் இரும்பின் நிறமாகும். நம் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் அமைந்தது. மழைநீர் நெடுங்காலமாகச் சுண்ணாம்பைக் கரைத்துச் செல்ல, கரையாத களியும் இரும்பும் எஞ்சி நிற்கின்றன. அவ்விரும்பு காற்றிலுள்ள ஒட்சிசனுடன் கூடி இரும்பொட்சைட்டாகிச் சிவக்கின்றது. மண்ணில் அதன் பங்கு சிறிதேயாயினும், மிக நுண்ணிய துகள்களாய் ஒவ்வொரு மணற்பருக்கையையும் போர்த்து நிற்பதால் முழு மண்ணும் செந்நிறம் பெறுகின்றது. என் வேட்டியின் இழைகளுக்கிடையே புகுந்து ஒளிந்துகொண்டதும் அத்துகளே. துறவியர் உடைக்கு நிறமூட்டிய காவிக்கல்லிலும், கோயில் மதில்களில் வெண்பட்டைகளுக்கிடையே தீட்டப்படும் செம்பட்டைகளிலும் உள்ளது இதே பொருள்தான். வானில் சிவந்து தோன்றும் கோளுக்கு நம் முன்னோர் செவ்வாய் என்று பெயரிட்டனர். அக்கோளின் தரையும் இரும்பொட்சைட்டுத் தூசியாற் சிவந்தது என்பதைப் பிற்காலத்து விண்கலங்கள் உறுதிப்படுத்தின.

இனி, நிறம் என்பது எங்கே இருக்கின்றது? பொருளிலா, ஒளியிலா, கண்ணிலா? 1666 ஆம் ஆண்டளவில் நியூற்றன் இருட்டறையில் அரியத்தினூடாக ஞாயிற்றொளியைச் செலுத்தி, வெள்ளொளி பல நிறக்கதிர்களின் கூட்டம் என்று காட்டினார். ஒரு பொருளின்மேல் அக்கூட்டம் படும்பொழுது சில கதிர்களை அப்பொருள் விழுங்குகின்றது. விழுங்காது விட்டவை நம் கண்ணை அடைகின்றன. செம்மண் நீலத்தையும் பச்சையையும் விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்புகின்றது. ஆனால் கதை அவ்வளவில் முடிவதில்லை. அனுப்பப்பட்டதை ஏற்பதற்குக் கண் வேண்டும். மனிதக் கண்ணின் விழித்திரையில் நிறமறியும் கூம்புக் கலங்கள் மூவகையாக உள்ளன. நாய், பசு முதலிய பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இருவகையே உண்டு. செந்துணியைக் கண்டு காளை வெகுள்கின்றது என்பது பிழையான நம்பிக்கை. அதனை வெகுளச் செய்வது துணியின் அசைவேயன்றி நிறமன்று.

மனிதருள்ளும் சிலருக்கு இக்கலங்களுள் ஒருவகை குறைவுபட்டிருக்கும். அத்தகையோருக்குச் சிவப்பும் பச்சையும் வேறாகத் தோன்றா. இக்குறை பெரும்பாலும் தாய்வழியாக ஆண்மக்களையே வந்தடைகின்றது; ஐரோப்பிய ஆடவருள் நூற்றுக்கு எண்மர் அளவினருக்கு உண்டென்பர், ஆசிய மக்களிடையே சற்றுக் குறைவு. அணுக்கொள்கையை வகுத்த தாற்றன் தமக்கே இக்குறை இருப்பதை உணர்ந்து 1794 இல் அதைப் பற்றி ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். என்னோடு படித்த நண்பன் ஒருவன் சித்திர வகுப்பில் மாவிலைக்குக் கபிலநிறம் தீட்டுவான். பரிகாசம் செய்கிறான் என்று எண்ணிய ஆசிரியர் அவனைப் பலமுறை பிரம்பால் அடித்தார். படிப்பு முடிந்து புகையிரதப் பகுதியில் வேலைக்கு விண்ணப்பித்தபொழுது, வைத்தியப் பரிசோதனையிலேதான் அவனுக்கு உண்மை தெரிந்தது. கிடைக்காத வேலையைப் பற்றி அவன் அதிகம் வருந்தவில்லை. வாங்கிய அடிகளைப் பற்றித்தான் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தான். இன்று வகுப்பறைகளில் இருக்கும் ஆசிரியர்கள் இதனை மனத்திற் கொள்வார்களாக.

இயற்கை செந்நிறத்தைக் காரணமின்றிச் செலவிடுவதில்லை. இலைகள் பச்சையாயிருப்பது பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உணவாக்கத்திற்கு எடுத்துக்கொள்வதால் ஆகும். பூவின் நிறமோ விருந்தினருக்கு விடுக்கும் அழைப்பு. தேனீக்கள் நிறமறியும் என்பதை 1914 அளவில் யேர்மானிய அறிஞர் கார்ள் பொன் பிரிஷ் நிறத்தாள்களின்மேல் சருக்கரைநீர் வைத்து நிலைநாட்டினார். நாம் காணாத ஊதாக்கடந்த ஒளியைத் தேனீ காணும். ஆனால் நாம் காணும் சிவப்பு அதற்குக் கருமைபோல்வதாகும். எனவே செக்கச் சிவந்த பூக்கள் பல பறவைகளையே நம்பி மலர்கின்றன. நம் வேலிகளில் நிற்கும் முள்முருக்கைப் பாருங்கள். இலையுதிர்ந்த கொம்புகளில் அது செம்பூக்களைச் சூடி நிற்கும் காலத்தில் மைனாக்களும் காகங்களும் தேன்சிட்டுகளும் அதனைச் சூழ்ந்து ஆரவாரிப்பதைக் காணலாம். இரவில் மலரும் மல்லிகையோ அந்துப்பூச்சிகளை அழைப்பது. இருளில் சிவப்பாற் பயனில்லை யாதலின் வெண்மையையும் மணத்தையும் மேற்கொண்டது. பூவரசின் பூ காலையில் மஞ்சளாய் மலர்ந்து மாலையிற் செம்மை படர்ந்து வாடுகின்றது. சிறுவர்கள் அதன் இலையிற் குழல் செய்து ஊதுவதை விட்டு ஒரு நாளாவது பூவைக் காலையும் மாலையும் நோக்கினால் இம்மாற்றத்தைக் கண்டு வியப்பர்.

மாந்தளிர் பிறக்கும்பொழுது பச்சையாய்ப் பிறவாது, செம்மையும் கபிலமும் கலந்து மின்னுவதை யாவரும் அறிவர். நம் புலவர் மகளிர் மேனியின் மாமைக்கு அதனை உவமை கூறினர். மென்றளிரைக் கடுவெயிலினின்று காப்பதற்கும், பூச்சிகளின் கண்ணுக்கு அது உணவாய்த் தோன்றாதிருப்பதற்கும் அச்செந்நிறப்பொருள் உதவுகின்றது என்று தாவர நூலார் கருதுவர். மன்னார்க் கடனீரேரிக்கும் குடாநாட்டின் உவர்நீர்ப் பரப்புகளுக்கும் வந்திறங்கும் பூநாரைகளின் இளஞ்செம்மை அவற்றின் சொந்தச் சொத்தன்று. நீரிலுள்ள பாசியிலும் அதனை உண்ணும் சிற்றிறாலிலும் இருந்து பெற்ற கடன். அவ்வுணவு கிடையாத இடத்தில் அடைத்து வளர்த்தால் அவை வெளுத்துப்போகும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் நன்று. மீன்கொத்தியின் நீலமும் மயிற்றோகையின் நீலமும் நீலச்சாயத்தால் ஆனவையல்ல. இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறியும் ஒன்றோடொன்று கூடியும் பிறக்கும் நிறங்கள் அவை. மயிலிறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் மறைந்து மங்கலான கருங்கபிலமே எஞ்சும். வானின் நீலமும் சிதறலின் விளைவே. கடலின் நீலம் வானின் நிழல் மாத்திரமன்று, நீரின் மூலக்கூறுகளும் ஒளியைச் சிதறுகின்றன என்பதை 1921 இற் கப்பற்பயணத்தின்பொழுது ஆராயத் தொடங்கிய சேர் சி. வி. இராமன், அவ்வழியே சென்று 1928 இல் தம் பெயரால் வழங்கும் விளைவைக் கண்டார். 1930 இல் நோபெற் பரிசு பெற்றார். நீர் சிவப்பொளியைச் சிறிது விழுங்குவதும் கடல் நீலத்துக்குப் பெருங்காரணம் என்பது இன்று தெளிவு. நீலம் இவ்வாறு பெரும்பாலும் ஒளியின் விளையாட்டாக இருக்க, உயிர்களிடத்துச் சிவப்பு பெரும்பாலும் எடுத்துக் கையில் வைக்கக்கூடிய ஒரு பொருளாகவே உள்ளது. சாயத்தொழிலின் வரலாற்றில் சிவப்புக்கு இத்துணை இடம் வாய்த்ததற்கு இதுவும் ஒரு காரணம் போலும்.

தமிழ்மொழி நிறங்களை எவ்வாறு பகுத்தது என்று பார்ப்பதும் இன்பமானது. வெண்மை, கருமை, செம்மை, பசுமை என்னும் நான்குமே நம் பழைய அடிச்சொற்கள். மஞ்சள் ஒரு கிழங்கின் பெயர். நீலம் பழம் பாடல்களிற் பெரிதும் ஒரு பூவின் பெயராகவும் மணியின் பெயராகவும் வருவது. பசுமை பச்சைக்கும் உரியது, பொன்னின் மஞ்சளுக்கும் உரியது. இன்றேல் பசும்பொன் என்னும் வழக்கு எழுந்திராது. கடலைக் கருங்கடல் என்றனர். உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்ட பேர்லின், கே என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1969 இல் வெளியிட்ட நூலில், ஒரு மொழியில் மூன்றே நிறச்சொற்கள் இருப்பின் அவை வெண்மை, கருமை, செம்மை என்பனவாகவே இருக்கும் என்றனர். இருளும் ஒளியும் போக, மனிதன் முதலிற் பெயரிட்ட நிறம் செம்மை என்பது இதனாற் பெறப்படும். தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு வகை வகுத்தபொழுது, வடிவாகிய மெய்யினின்று நிறமாகிய உருவைத் தனியே பிரித்து வைத்தார். மலைநிலக் கடவுளைச் சேயோன் என்றும் காட்டுநிலக் கடவுளை மாயோன் என்றும் அவர் கூறுவது நிறத்தாற் பெற்ற பெயரே. செங்கோலிலும் செந்தமிழிலும் உள்ள செம்மை நிறமன்று, நேர்மை. இவ்விரு பொருளும் ஒரு வேரினவா, வெவ்வேறு சொற்கள் ஒலியில் ஒன்றினவா என்பதைச் சொல்லாராய்ச்சி வல்லாரிடம் விட்டுவிடுகின்றேன்.

நம் வீட்டு அடுக்களையிலும் செந்நிற இரசாயனம் நாள்தோறும் நிகழ்கின்றது. மஞ்சள் கரைத்த நீரிற் சிறிது சுண்ணாம்பு இட்டால் ஆலத்தி நீர் நொடியிற் சிவக்கும். மஞ்சளிலுள்ள பொருள் காரத்திற் சிவந்தும் அமிலத்தில் மஞ்சளாகவும் நிற்பதே காரணம். அந்நீரில் ஒரு தேசிக்காயைப் பிழிந்தால் பழைய மஞ்சள் திரும்பிவிடும். எங்கள் ஆய்வுகூடத்தில் பாசிச்சாயத்தாள் முடிந்துபோன நாட்களில் மஞ்சள் தோய்த்த தாளைக் கொண்டே காரத்தைச் சோதித்திருக்கின்றோம். வெற்றிலை மென்ற வாய் சிவப்பதும் பாக்கின் துவர்ப்பொருளும் சுண்ணாம்பும் கூடுவதாலேயே.

ஆனால் இந்நிறங்கள் நிலையாதவை. ஆலத்திச் சிவப்பு துணியிற் பட்டால் வெயிலில் இரண்டு நாளில் மங்கும். நிலைத்து நிற்கும் செஞ்சாயம் ஒன்று நம் கடற்கரை மணலுக்குள்ளேயே இருந்தது. அதுவே சாயவேர். இம்பூறல் என்று வைத்தியர் வழங்கும் சிறு பூண்டின் வேர் அது. மன்னாரிலும் தீவுப்பகுதிகளிலும் குடாநாட்டுக் கரையோர மணலிலும் தானே முளைப்பது. செடியோ ஒரு சாணுக்கு மேற் செல்லாது. வேர் மாத்திரம் மணலுள் ஆழ இறங்கும். வேரின் பட்டையிற் சாயம் உறையும். ஒல்லாந்தர் நம் நாட்டை ஆண்ட காலத்தில் இவ்வேரை எடுப்பதும் விற்பதும் கும்பினியாரின் தனியுரிமையாயிருந்தன. யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரியான சுவார்தகுரூன் 1697 இல் தமக்குப் பின் வருவோருக்கு எழுதிவைத்த குறிப்பில் யானைக்கும் பனைக்கும் போலச் சாயவேருக்கும் இடம் ஒதுக்கியிருக்கின்றார். வெயிலில் மணலைக் கிளறி வேர் குத்திய ஏழை மக்களின் உழைப்பு அரசிறைக் கணக்கில் எண்களாக மாறியது. அம்மக்களின் பெயர் ஒன்றும் நமக்குக் கிட்டவில்லை.

சோழமண்டலக் கரையிலும் இங்கும் செஞ்சீலை தோய்த்தவர்களின் தொழில்நுட்பம் இன்றைய இரசாயனம் கற்றோரையும் தலைவணங்கச் செய்வது. வேரை அவித்த நீரிற் சீலையைத் தோய்த்தால் சிவப்பு ஏறாது. அழுக்கான மஞ்சட்கறையே படியும். முதலிற் சீலையைக் கடுக்காய் நீரிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து உலர்த்துவர். பின்னர்ச் சிவப்பு வேண்டுமிடத்திற் படிகார நீரால் வரைவர். பாலின் கொழுப்பு அந்நீர் பரவாது தடுக்கும். கறுப்பு வேண்டுமிடத்தில் இரும்புத்துண்டுகளை வெல்லம் கரைத்த நீரிற் புளிக்கவைத்து எடுத்த நீரால் வரைவர். இதன் பின்னரே சாயவேர் நீரில் இட்டுக் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடத்தில் மாத்திரம் செந்நிறம் பற்றிக்கொள்ளும்; எஞ்சிய கறை கழுவி வெயிலில் உலர்த்த நீங்கும். இம்முறையைப் பிரெஞ்சு யேசுசபைப் பாதிரியாரான கேர்தூ 1742 இல் விரிவாக எழுதித் தம் நாட்டுக்கு அனுப்பினார். வடமொழிக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பற்றி முன்னோடியாக எழுதியவரும் அவரே. சாயக்காரரிடமும் பண்டிதரிடமும் ஒப்பக் கேட்டுப் பயின்ற அம்மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இச்சீத்தைத் துணிகள் ஐரோப்பாவில் உண்டாக்கிய பரபரப்புச் சொல்லுந்தரமன்று. தம் நெசவாளரைக் காக்க வேண்டி 1686 இற் பிரான்சும், அதன் பின்னர் 1701 இலும் 1722 இலும் நடைமுறைக்கு வந்த சட்டங்களால் இங்கிலாந்தும் அவற்றைத் தடுத்தன. தோய்க்கத் தோய்க்க மங்காது, முன்னிலும் ஒளிரும் சிவப்பு அந்நாட்டினர் அறியாததொன்று. அதன் இரகசியத்தை இன்று விளக்குதல் எளிது. வேரிலுள்ள சாயப்பொருளின் பெயர் அலிசரின். அது தனியே பருத்தியிற் பற்றாது. படிகாரத்திலுள்ள அலுமினியமும் சுண்ணாம்பிலுள்ள கல்சியமும் அதனோடு கூடும்பொழுதே நீரிற் கரையாத செந்நிறக் கூட்டு இழையினுள் உண்டாகின்றது. நம் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லினூடாக ஊறி வருவதால் கல்சியம் மிக்கது. சோறு வடிக்கும் பானையில் வெண்படலம் படிகின்றதென்று இல்லத்தரசியர் நொந்துகொள்ளும் அதே நீர் செஞ்சாயத்திற்கு ஏற்ற நீராகும்.

இத்தொழிலின் முடிவு நெடுந்தொலைவிலிருந்து வந்தது. 1868 இல் யேர்மனியில் கிறேபெ, லீபெர்மான் என்னும் இருவர் நிலக்கரித் தாரிலிருந்து பெறும் அந்திரசீனைக் கொண்டு அலிசரினை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிவிட்டனர். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் யேர்மன் தொழிலகம் ஒன்றும் இங்கிலாந்தின் பேர்க்கினும் மலிவாக ஆக்கும் முறைக்கு ஒரு நாள் இடைவெளியிற் காப்புரிமை கோரினர். இயற்கையில் விளைந்த ஒரு சாயத்தை மனிதன் அதே மூலக்கூறாக ஆக்கியது அதுவே முதன்முறை. சில ஆண்டுகளுள் தென்பிரான்சில் அலிசரின் வேருக்காகப் பயிரிட்ட மஞ்சிட்டித் தோட்டங்கள் வெறுமையாயின. நம் கரையில் வேர் குத்தும் தொழில் ஆங்கிலேயர் ஆட்சியில் முன்னமே தளர்ந்திருந்தது. பின்னர் அதனைக் கேட்பாரே இல்லாதொழிந்தது. இரசாயன ஆசிரியனாகிய நான் அவ்விருவரின் அறிவை வியந்து பாடம் நடத்தியிருக்கின்றேன். அப்பாடத்தின் மறுபக்கத்தில் மன்னார் மணலில் நின்றோரும் உளர் என்பதைப் பல ஆண்டுகள் மாணவருக்குச் சொல்லாது விட்டேன்.

ஓவியத்தில் நிறத்தின் நிலைபேறு இன்னும் பெரிய சிக்கல். செயற்கைச் சாயங்கள் வந்த புதிதில் ஐரோப்பிய ஓவியர் அவற்றை ஆசையோடு கைக்கொண்டனர். வான்கோ 1888 இல் தீட்டிய தம் படுக்கையறைச் சுவர்கள் இன்று நீலமாகத் தோன்றுகின்றன; அவர் தீட்டியதோ ஊதாநிறம். அதிற் கலந்திருந்த செஞ்சாயம் ஒளியில் அழிந்துவிட்டது. அதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன் காலத்திற் சிகிரிக் குன்றின் குகையிற் செங்காவியும் மஞ்சட்காவியும் பச்சை மண்ணும் கொண்டு தீட்டிய மகளிர் இன்றும் சிவந்து நிற்கின்றனர். அவர்களைக் காண வந்தோர் கண்ணாடிச் சுவரிற் கீறிவைத்த பாக்களைப் பரணவிதான 1956 இற் பதிப்பித்தார். அப்பாக்களிலும் அம்மகளிரின் பொன்னிறம் பலகாலும் பேசப்படுகின்றது. மழையும் வெயிலும் அழிக்காத அவ்வோவியங்களை 1967 ஒற்றோபரில் ஓர் இரவில் யாரோ பூச்சை வீசிச் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மறான்சி வந்து பெரும்பாலானவற்றை மீட்டார். தஞ்சைப் பெருங்கோயிலின் உட்சுவரிற் சோழர் கால ஓவியங்கள் நாயக்கர் காலத்துப் பூச்சின்கீழ் மறைந்து கிடந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி 1931 இற் கண்டு வெளிப்படுத்தினார். சுண்ணாம்புச் சுதை ஈரமாயிருக்கையில் இட்ட மண்ணிறம் சுவரோடு கல்லாகிவிடுதலின் மேற்பூச்சும் அதனை அழிக்கவில்லை.

தஞ்சையைப் பற்றி எழுதுகையில் என் ஊர்க் கோயிலைப் பற்றிச் சொல்லாது போனால் நேர்மையாகாது. அதன் வசந்தமண்டபத்துச் சுவரில் வேட்டைத் திருவிழாக் காட்சி ஒன்று இருந்தது. வரைந்தவர் எவரென்று யாருக்கும் தெரியாது. குதிரை வாகனத்தின் சேணம் காவிச் சிவப்பு. சுவாமியின் வேல் வெறுஞ் சுண்ணாம்பு வெண்மை. நிறங்கள் நான்கைந்துக்கு மேலில்லை. 1976 இற் குடமுழுக்குக்குமுன் மண்டபத்தைப் புதுக்க வேண்டுமென்று பரிபாலன சபை கூடியது. ஓவியம் மங்கிவிட்டது, பளபளப்பான எனாமல் பூச்சுக்கு அன்பர் ஒருவர் பணம் தருகின்றார் என்றனர். அது மங்கவில்லை, விளக்குப்புகையே படிந்திருக்கின்றது, பஞ்சைக் கொண்டு மெல்லத் துடைத்தாற் போதும் என்று எனக்குத் தெரியும். காவி மங்காது என்பதை வகுப்பில் ஆயிரம் முறை சொன்னவன் நான். ஆயினும் எல்லாரும் உடன்பட்ட விடயத்தில் ஒருவன் மறுத்துப் பேசுவது அழகன்று என்று எண்ணிக் கையொப்பமிட்டேன். மேஸ்திரிமார் சுதையைக் கொத்தி எறிந்துவிட்டுப் புதிதாய்ப் பூசினர். தஞ்சையிற் போல அடியில் மறைந்து கிடக்கும் என்று ஆறுதல் கொள்ளவும் இடமில்லை. அதன்பின் வந்த எனாமல் மூன்றுமுறை உரிந்து மூன்றுமுறை மாற்றப்பட்டுவிட்டது. கொத்திய குவியலிலிருந்து உள்ளங்கை அளவான ஒரு துண்டை அன்று மாலை பொறுக்கி வந்தேன். சேணத்தின் ஒரு பகுதி அது. இன்றும் என் மேசைமேல் இருக்கின்றது.

சாயவேர்ச் செடி இப்பொழுதும் மன்னார்க் கரையில் களைபோல முளைக்கின்றது. உயர்தர வகுப்பு மாணவர் எவரேனும் முயல விரும்பின், கஞ்சிபோக்கிய பருத்தித் துண்டைக் கடுக்காய் நீரில் ஓரிரவு ஊறவிட்டு உலர்த்தி, படிகார நீரில் நனைத்து மீண்டும் உலர்த்துக. இடித்த வேர்ப்பட்டையைக் கிணற்றுநீரில் இட்டுத் துணியோடு சேர்த்து மெல்லிய தீயிற் சூடேற்றுக. கொதிக்கவிடின் நிறம் கபிலமாகும். பொழுதிறங்குமுன் சிவந்துவிடும். அத்துண்டைக் கொண்டுவந்தால் என் சுதைத்துண்டின் அருகே வைத்து ஒப்பிடலாம். ஒன்று வேரின் சிவப்பு, மற்றது மண்ணின் சிவப்பு. பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றல்ல என்பது நன்கு தெரியும்.